பாரிஸில் என் ஞானப்பிள்ளைக்கு வயது 26

"நீ கத்தோலிக்கன்தானே? ‘புர்காத்துவார்’ என்றால் என்ன, கொஞ்சம் சொல்லேன்."

2023 அக்டோபரில் ஒரு மதியம், ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்த பையன் கேட்ட கேள்வி இது. எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கிறவன். பிரெஞ்சுக்காரன். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவன். அவன் கேட்டதைத்தான் நம் ஊரில் உத்தரிக்கிற ஸ்தலம் என்போம். இறந்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்குப் போகும் முன் தூய்மை பெறும் நிலை. இப்போது எழுதும்போது இப்படிச் சொல்ல வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "அது ஒரு வெயிட்டிங் ரூம் மாதிரி" என்று சொல்லிவிட்டு வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன். பிறந்த ஒரு மாதத்துக்குள் ஞானஸ்நானம். எட்டு வயதில் புதுநன்மை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு. மந்திரங்களைத் தடுமாறாமல் ஒப்பிக்காவிட்டால் சிஸ்டர் காதைத் திருகுவார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு தாத்தா கல்லறைக்குப் போவோம். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக எத்தனையோ நூறு தடவை செபம் சொல்லியிருக்கிறேன். அது என்ன என்று ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டதில்லை.

"ஏன் என்கிட்ட கேட்டே?" என்றேன். என் மேசையில் பனிமய மாதா படம் ஒன்று மானிட்டருக்குக் கீழே இருக்கும். அம்மா லேப்டாப் பையில் செருகிவிட்டது. அதைப் பார்த்திருக்கிறான். "நீ இந்தியன். மதம் பற்றிக் கேட்டால் கோபப்பட மாட்டாய் என்று நினைத்தேன்" என்றான்.

பிரான்ஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் புரியும். இங்கே 1905-லேயே சட்டம் போட்டு அரசையும் திருச்சபையையும் பிரித்துவிட்டார்கள். அரசுப் பள்ளிகளில், அல்சாஸ், மொசெல் பகுதிகளைத் தவிர, மத வகுப்பு கிடையாது. ஆபீஸில் மதம் பேசுவது சம்பளம் கேட்பதைவிட அநாகரிகம். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைத்துப் பழகிய நமக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். பிறகு வசதியாகவும் இருக்கும். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர கோயில் பக்கமே போகாமல் ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பையனின் கதை ஒரு செபமாலையில் ஆரம்பிக்கிறது. பாட்டி இறந்த பிறகு அவருடைய மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது கிடைத்தது. அதை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இவன் டெஸ்டர் அல்லவா, எண்ணிப் பார்த்திருக்கிறான். 59 மணிகள். ஏன் 59? அப்பா, அம்மாவிடம் கேட்டால் அவர்களும் மறந்துவிட்டார்கள். அவர்கள் இருவருமே குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் இவனுக்குக் கொடுக்கவில்லை. ‘பெரியவனானதும் அவனே முடிவு பண்ணட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். ராத்திரி செல்போனில் தேடியிருக்கிறான். டொமினிக்கன் துறவி பால்-அட்ரியான் போடும் வீடியோக்களில் மாட்டியிருக்கிறான். ஒரு வருஷம் தினமும் அதுதான். "ஒரு சாமியாரிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாமே?" என்றேன். "எனக்கு ஒரு சாமியாரையும் தெரியாது. பாட்டி இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்" என்றான்.

பெரியவர்களான பிறகு கத்தோலிக்கத்தைத் தெரிந்துகொள்ள ஏன் முன்பின் தெரியாதவர்களிடம் போகிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இவன் ஒருவன் மட்டும் இல்லை. பிரான்ஸ் ஆயர் பேரவை வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டி ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2024 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் 7,135 பேர். 2025-ல் 10,384 பேர். ஒரே வருஷத்தில் 45 சதவீத உயர்வு. இதில் 18 முதல் 25 வயதுக்காரர்கள் மட்டும் 42 சதவீதம். பதின்ம வயதுப் பிள்ளைகள் 7,400-க்கு மேல் தனிக் கணக்கு.

‘ஐரோப்பாவில் கோயில்கள் நிரம்பி வழிகின்றன’ என்று யாராவது உங்களுக்கு ஃபார்வர்டு அனுப்பினால் உடனே நம்பிவிடாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் இங்கே ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. பெரியவர்களின் எண்ணிக்கை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். முந்தைய தலைமுறை விட்டுக்கொடுத்த முடிவை இந்தத் தலைமுறையில் சிலர் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் திருச்சபைக்கு நஷ்டக் கணக்குதான்.

அந்த நவம்பரில், "பக்கத்துப் பங்கில் வகுப்பு நடக்கிறதாம், தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, துணைக்கு வா" என்றான். ஒரு நாள் துணைக்குப் போனேன். ஒன்றரை வருஷம் போய்க்கொண்டே இருந்தேன்.

பங்குக் கோயிலை ஒட்டிய சின்ன அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் மாலை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஹீட்டர், யாராவது கொண்டுவரும் கேக். வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நாங்கள் பதினான்கு பேர்.

ஒரு நர்ஸ். கொரோனா நாட்களில் இறந்தவர்களின் பக்கத்தில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லாதபோது இவர் நின்றிருக்கிறார். "அந்த நேரத்தில் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அதைத் தேடி வந்தேன்" என்றார். ஒரு கட்டட மேஸ்திரி. மனைவி போர்த்துகீசியக் கத்தோலிக்கர். பையன் புதுநன்மை வாங்கிய அன்று, "அப்பா, நீ ஏன் வரிசையில் வரலை?" என்று கேட்டுவிட்டான். ஒரு கல்லூரி மாணவன். அவனுடைய முஸ்லிம் நண்பர்கள் ரமலான் நோன்பு இருப்பவர்கள். "உங்களுக்கு நோன்பு உண்டா?" என்று அவர்கள் சாதாரணமாகக் கேட்க, இவனுக்குப் பதில் தெரியவில்லை. தவக்காலம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். இன்னொரு பெண் தன் பெயரை முதல் பெயராக மட்டும் சொன்னார். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார் என்று பிறகு புரிந்தது. அவரிடம் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

என் பையன் ஆரம்பத்தில் கொஞ்சம் தொந்தரவுதான். ஒரு வருஷ வீடியோ அறிவு மண்டை முழுக்க. லத்தீன் பூசையா, பிரெஞ்சுப் பூசையா, நற்கருணையைக் கையில் வாங்கலாமா, நாக்கில்தான் வாங்க வேண்டுமா என்று எல்லாச் சண்டைகளிலும் அவனுக்குக் கட்சி உண்டு. செல்போனில் மதம் படிப்பதில் உள்ள ஆபத்து இது. பாட்டியின் மணிகளை எண்ண ஆரம்பித்தவன், ஆறு மாதத்தில் அடுத்தவன் தப்புகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறான். டீச்சர் அவன் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "சரி, அதெல்லாம் இருக்கட்டும். இந்த வாரம் யாரையாவது மன்னித்தாயா?" அவன் வாய் மூடியது. நானும் வேறு பக்கம் பார்த்தேன். அண்ணனோடு நான் நாலு வருஷமாகப் பேசவில்லை, நிலத் தகராறு.

இந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். உடனே ஒருவன் கேட்டான்: "மச்சி, எவ்வளவு கொடுத்தாங்களாம்?"

கோபம் வந்தது. நல்ல சம்பளம் வாங்குகிற பையன், வீட்டில் கேலி, ஆபீஸில் வெளியே சொல்ல முடியாது, வியாழக்கிழமை சாயங்காலம் ஜிம்மை விட்டுவிட்டு ஹீட்டர் வேலை செய்யாத அறையில் வந்து உட்காருகிறான், இவனுக்கு யார் கொடுப்பது என்று நீளமாக டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

எங்கள் முன்னோர்கள், முத்துக்குளித்துறைப் பரதவர்கள், 1530-களில் ஊர் ஊராக மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒன்றரை வருஷ வகுப்பு எல்லாம் கிடையாது. கடலிலும் கரையிலும் எதிரிகளின் நெருக்கடி. போர்த்துகீசியரின் கப்பல்கள் காவலுக்கு வேண்டும். காவலும் கிடைத்தது, ஞானஸ்நானமும் கிடைத்தது. நண்பன் கேட்ட கேள்வியை என் பையனிடம் கேட்டால் அது அவமானம். என் பாட்டனுக்குப் பாட்டனிடம் கேட்டால் அது நியாயமான கேள்வி. இதை ஒத்துக்கொள்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நானூற்றெண்பது வருஷத்துக்கு மேலாக அந்த விசுவாசத்தில் வாழ்ந்து, கடலில் செத்து, கோயில் கட்டி, பாட்டு கட்டியவர்களின் வாழ்க்கை அந்தப் பேரத்தோடு முடிந்துபோகவில்லை.

படிப்பு பின்னால்தான் வந்தது. அது பாரிஸிலிருந்து வந்தது என்பதை டீச்சரிடம் சொன்னபோது அவரே ஆச்சரியப்பட்டார். 1534 ஆகஸ்ட் 15 அன்று இங்கே மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்கள் சேர்ந்து இறைவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் அவர் எங்கள் கடற்கரைக்கு வந்து பார்த்தபோது, ஞானஸ்நானம் வாங்கிய மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆட்களைப் பிடித்து மந்திரங்களைத் தமிழில் மாற்றி, தானே மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த மனப்பாடம்தான் தலைமுறை தலைமுறையாக இறங்கி, என் காதைத் திருகிய சிஸ்டர் வரை வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். தமிழ் முதன்முதலில் அச்சேறியதே இந்தப் படிப்புக்காகத்தான். 1554-ல் லிஸ்பனில், அங்கே வாழ்ந்த மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஒரு ஞானோபதேசப் புத்தகம் உருவாக்கினார்கள். தமிழ் வார்த்தைகள், ரோமன் எழுத்து. இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அதே வேலை. பிறகு 1578-ல் அன்றிக் அடிகளார் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பதினாறே பக்கம். தமிழ் எழுத்திலேயே அச்சானது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாதவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற தமிழன் நான் முதல் ஆள் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

சரி, இங்கே நடக்கும் முறைக்கு வருவோம். தொடக்கக் காலத் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைத்தார்கள். நாளடைவில் குழந்தைகளுக்கே கொடுக்கும் வழக்கம் பரவி, அந்த முறை தேய்ந்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. 1972-ல் அதற்கான சடங்கு நூல் வந்தது. வருகிறவரை வாசலில் நிறுத்தி நெற்றி, காது, கண், வாய், நெஞ்சு, தோள் எல்லாவற்றிலும் சிலுவை வரைந்து உள்ளே அழைப்பார்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறை ஒட்டி ஆயர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் எழுந்து போய்த் தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பகுதியில் கழுத்தில் ஊதாத் துண்டு ஒன்றும் போடுகிறார்கள். இவ்வளவுக்கும் இடையே எந்த நாளிலும் ‘வேண்டாம்’ என்று எழுந்து போகலாம். ‘நீ இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று அவர்களும் சொல்லலாம். மேஸ்திரிக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய முதல் திருமணம் பற்றிய கேள்வி தீரவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது, இன்றைக்கும்.

ஒரு வியாழன் மட்டும் மறக்காது. நர்ஸ் கேட்டார்: "இதையெல்லாம் படிக்கிறோம். சொவே அறிக்கை பற்றி எப்போது பேசுவோம்?" 2021 அக்டோபரில் வெளிவந்த அறிக்கை அது. 1950 முதல் எழுபது வருஷத்தில் பிரான்ஸில் குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுவர் சிறுமியர் சுமார் 2,16,000 என்று அந்த ஆணையம் மதிப்பிட்டது. அறையில் சத்தமே இல்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னிடம் பதில் இல்லை. அந்த அறிக்கையை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஒரு மாதம் பூசைக்குப் போகவில்லை. நீங்கள் அதைப் படித்துவிட்டு இங்கே வராமல் நின்றுவிட்டால் எனக்குப் புரியும்" என்றார்.

அடுத்த வகுப்புக்கு ஒருவர் வரவில்லை. அதனால்தானா என்று தெரியாது. நர்ஸ் வந்தார். எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வியைச் சாமியார் முன்னால் கேட்க முடியுமா என்று வீட்டுக்குப் போகிற ரயிலில் யோசித்தேன். கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கேட்டவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

2025 ஜனவரியில் பையன் கேட்டான்: "எனக்கு ஞானத்தகப்பனாக நிற்பாயா?"

சும்மா நிற்க முடியாது. உறுதிப்பூசுதல் வாங்கியிருக்க வேண்டும், நற்கருணை வாங்குகிறவனாக இருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஒத்த வாழ்க்கை வாழ வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. முதல் இரண்டுக்கும் சர்டிபிகேட் ஊரிலிருந்து வாங்கிவிடலாம். மூன்றாவதற்கு? ‘வேறு ஆளைப் பார்’ என்று சொல்ல இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. பாவங்களைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன், அதற்குத் தேவையான வார்த்தைகள் எல்லாம் தெரிந்திருந்தது. கடைசியில் மனஸ்தாப மந்திரம் பிரெஞ்சில் தெரியவில்லை. சாமியார், "உன் மொழியில் சொல்" என்றார். சிஸ்டர் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது, ஒரு வார்த்தை தட்டாமல் வந்தது. பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. மனப்பாடத்தைப் பற்றி மேலே கேலியாக எழுதிவிட்டேன். அதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் ‘என்ன’ என்று ஒரு மெசேஜ் வந்தது. அது வேறு கதை, இன்னும் முடியவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால் அவருக்கு ஒரே கவலை: "ஏய்யா, ஞானப்பிள்ளைக்கு என்ன போடப் போற? மோதிரமாவது போடணும்." அம்மா, அவனுக்கு 26 வயசு என்றேன். "அதனால என்ன? பிள்ளைதானே. துணியாவது எடு." வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை இரவு. கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்காத் திரி ஏற்றி, இருட்டில் உள்ளே நடந்தோம். எங்கள் குழுவில் ஒன்பது பேருக்கு அன்று ஞானஸ்நானம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் தொட்டியில் குனிந்தான், நான் வலது கையை அவன் தோளில் வைத்தேன். கை நடுங்கியது என்னுடையதா அவனுடைய தோளா என்று தெரியவில்லை. தண்ணீர் நல்ல குளிர் என்று பிறகு சொன்னான். அவன் அப்பா, அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து. பூசை முடிந்ததும் அவன் அம்மா என்னிடம் வந்து, "என் அம்மா பார்த்திருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை இங்கே விடுமுறை. காலை பத்து மணி வாக்கில் அவனிடமிருந்து மெசேஜ்: ‘போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். நாம் இப்போது என்ன செய்ய வேண்டும்?’

கத்தோலிக்கனாகி இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. ‘நாம்’ என்று எழுதியிருந்தான்.

பங்குக் கோயில் வாசலில் சந்தித்தோம். கதவு பூட்டியிருந்தது. மாலை ஆறரைக்குப் பூசை என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்தோம். அவன் சட்டைப் பையிலிருந்து பாட்டியின் செபமாலையை எடுத்து மேசையில் வைத்தான். "இறந்தவர்களுக்கு என்றால் எந்தத் தேவ இரகசியம் சொல்ல வேண்டும்? துக்கமா? ஆனால் இது ஈஸ்டர் வாரம் ஆயிற்றே, மகிமையா?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. ஊரில் அப்போது மதியம் தாண்டியிருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.